பச்சைப் புள்ளி

புத்தகத்தை அவள் இந்தப் பக்கம் இழுத்தாள். அது அந்தப் பக்கம் போனது.

பொது நூலகத்தின் மூன்றாம் மாடி, கடைசி அலமாரி. வெளியே விடாத மழை... உள்ளே ஆளே இல்லை என்றுதான் நினைத்திருந்தாள். புத்தகம் நகர்ந்த இடைவெளியில் இரண்டு கண்கள். தூங்கி நாளான கண்கள்... ஆனாலும் என்ன அழகு என்று தோன்றியதற்குத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

“விடுங்க, நான்தான் முதல்ல தொட்டேன்.”

“இந்த மொழியைப் படிக்க ஊர்ல இன்னொரு பைத்தியமும் இருக்கா? அப்ப சேர்ந்தே படிக்கலாம்,” என்றான் அவன்.

எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அந்தக் கணினி நிரல் மொழிக்கு உருப்படியான புத்தகம் அது ஒன்றுதான். இணையப் பாடங்களில் பாதி பழசு, மீதி தப்பு. அவளோ மருந்து ஏற்றும் கருவிகளுக்கு நிரல் எழுதுகிறவள். வெளியார் எழுதிய நிரல் தொகுப்பைச் சேர்ப்பதானால், அதைப் பராமரிக்கும் ஆளோடு பேசிவிட்டு அவள் கையெழுத்திட வேண்டும். திங்கட்கிழமை கெடு.

“‘ஆந்தை’ங்கற பேர்ல ஒருத்தர் எழுதின தொகுப்புதான் நம்பகமானது. ஆறு மாசமா இணையத்துல எது கேட்டாலும் பொறுமையா சொல்லித் தர்றார். இணைப்புல இருக்கார்னு பேர் பக்கத்துல எப்பவும் பச்சைப் புள்ளி எரியும்...” அவள் குரல் இறங்கியது. “இன்னிக்குக் காலையில ஒரு பழைய அஞ்சலிக் குறிப்பு பார்த்தேன். அவர் செத்து ரெண்டு வருஷம் ஆச்சாம். நேத்துகூட பதில் வந்துச்சுங்க.”

அந்தப் பதில்களுக்காகவே தெரிந்ததைக்கூடத் தெரியாததுபோல் கேட்டிருக்கிறாள். யாரிடம் மனதைக் கொடுத்தோம்?

கேட்டே விடுவோம் என்று கைபேசியில் தட்டினாள். ‘நீங்கள் உயிரோடு இருக்கிறீர்களா?’

எதிரே, அவன் சட்டைப்பையில் ஏதோ அதிர்ந்தது.

அவன் கைபேசியை எடுத்து மேசைமேல் வைத்தான்; திரையில் அவள் கேள்வி.

“ஆந்தை என் அண்ணன்,” என்றான். “அவன் போனப்புறம் அம்மா அணைஞ்சுபோன அந்தப் புள்ளியையே பார்த்துட்டு இருந்தாங்க. எதையோ தேடி அவன் கணக்கைத் திறந்தேன். புள்ளி எரிஞ்சது, காத்திருந்த ஒருத்தருக்கு ஒரு வரி பதிலும் போட்டேன். அன்னிக்குத்தான் அம்மா சாப்பிட்டாங்க. அப்புறம் நிறைய கேள்விகள் வந்துச்சு... பதில் சொல்ல இந்த மொழியையே படிச்சேன்.”

அவளுக்கு மனம் நெகிழ்ந்தது. கோபமும் வந்தது.

“நோயாளி உடம்புல மருந்து இறங்கற விஷயம்ங்க. இல்லாதவர் பேரை நம்பி நான் கையெழுத்துப் போட முடியாது.”

மழையிலேயே இறங்கிப் போய்விட்டாள்.

ஞாயிறு மாலை வரை வேறு தொகுப்பு தேடிச் சலித்து, பழக்கதோஷத்தில் ஆந்தையின் பக்கத்தைத் திறந்தாள். புள்ளி அணைந்திருந்தது. கீழே புதுப் பெயரில் ஓர் அறிவிப்பு. எழுதிய அண்ணன் இறந்துவிட்டான், இனி பராமரிப்பது தம்பி. எந்தெந்தப் பதில் யாருடையது என்ற பட்டியலும் இருந்தது.

அவளுக்குத் தனியாக ஒரு செய்தி.

‘உயிரோடதான் இருக்கேன். அம்மாகிட்ட உண்மையைச் சொல்லிட்டேன். என் முதல் பதில்ல இருந்த மாதிரி “அவசரமில்லை, மெதுவா பாருங்க”ன்னு அண்ணன் யாருக்கும் எழுதினதில்லையாம். முதல் நாளே அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. எனக்காகத்தான் சாப்பிட்டாங்களாம். இன்னொண்ணு... எல்லாருக்கும் அண்ணனா பதில் சொன்னேன். உங்களுக்கு மட்டும் நானா சொன்னேன். உங்களைப் பிடிச்சிருக்கு.’

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதினாள்.

‘கையெழுத்துக்கு முன்னாடி ஆளோட பேசணும்ங்கறது எங்க விதி. நாளைக் காலையில, அதே அலமாரி. எனக்கும் பிடிச்சது ஆந்தையை இல்ல... உங்களைத்தான்.’

அனுப்பிய மறுகணம், அவன் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்தது.