தளபதியோட கொண்டையும் கூரைக்குக் கீழ ஒரு ஓட்டையும்

"இன்னும் ஒரு போர்வைய மேல போட்டா சரியாயிடும்னு சொல்றேன்ல!"

"போடுங்க, போடுங்க! நம்ம கட்டில்ல இருக்கிற போர்வையையும் கொண்டுபோய்ப் போடுங்க. நானும் பிள்ளையும் கோழிக்கூட்டுக்குள்ளயே படுத்துக்கறோம்!"

"லியன், கத்தாத. பக்கத்து வீட்டுல கேக்கும்."

கேட்டுச்சு. நல்லாவே கேட்டுச்சு. பக்கத்து வீடுன்னா நான்தான். எங்க ரெண்டு வீட்டுக்கும் நடுவுல சோளத்தட்டை வேலி ஒண்ணுதான். நான் அந்தப் பக்கம் விறகு எடுக்கப் போனவ, எடுத்த விறகோட அப்படியே நின்னுட்டேன். கையெல்லாம் விறைக்குது. ஆனா சண்டைய பாதியில விட்டுட்டு எப்படிப் போறது?

"ஒண்ணு செத்துப்போச்சு. அந்த மஞ்சக் கோழி மூக்குல தண்ணி ஒழுக, கொர்ர்னு இழுக்குது. சேவலுக்குக் கொண்டை நுனி கறுத்துப்போச்சு. இன்னும் என்னத்தப் பாக்கணும்?" இது லியன்.

"குளிருதுல்ல, அதான்."

"அதான் நானும் சொல்றேன். செத்துப்போன கோழிய நாய்க்குத்தான் போடணும். இப்பவே அறுத்தா, உங்க தங்கச்சி புது மாப்பிள்ளையோட புத்தாண்டுக்கு வரும்போது காளான் போட்டுக் குழம்பாவது வைக்கலாம். புத்தாண்டுக்கு ஒரு வாரம் முன்னால அடுப்புச் சாமிக்குப் படைக்கிற நாள் வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள தேறலைன்னா எல்லாம் பானைக்குத்தான்."

அப்பதான் மூணாவது குரல் ஒண்ணு கேட்டுச்சு. சின்னக் குரல்.

"தளபதியையுமாம்மா?"

அந்தச் சின்னக் குரல்தான் நிங்நிங். பத்து வயசு. தளபதின்னா அவங்க சேவல். வசந்த காலத்துல குஞ்சுகள வாங்கினப்போ, வெளிய இன்னும் பனி விட்டபாடில்ல. அடியில நெருப்புச் சூடு ஓடுற செங்கல் கட்டில் மேல, அட்டைப் பெட்டிக்குள்ள வச்சு வளத்தது நிங்நிங்தான். தளபதி அப்பவே அவ சட்டைப் பைக்குள்ள ஏறிப் படுத்துக்குவான். இப்ப பெரிய ஆளாயிட்டான். பையில ஏற முடியாது. அதனால தலையில ஏறப் பாப்பான்.

"பாக்கலாம்டா கண்ணு" அப்படின்னா லியன். குரல் இறங்கிப்போச்சு. அவ மட்டும் என்ன, ஆசையாவா அறுக்குறேன்னு சொல்றா?

நிங்நிங்கோட அப்பா குவோ பத்தி ஒரு விஷயம் சொல்லணும். ஜன்னல் இடுக்கு ஒட்டறதுல எங்க ஊர்ல அவர அடிச்சுக்க ஆளே கிடையாது. இலையெல்லாம் உதிர்ந்ததும் எல்லா வீட்டுலயும் மாவுப் பசை காய்ச்சி, காகிதத்த நீளமா கிழிச்சு, ஜன்னல் இடுக்கு, கதவு இடுக்கு எல்லாத்தையும் ஒட்டுவோம். அதுக்கு மேல பிளாஸ்டிக் தாள் அடிப்போம். இல்லாட்டி எங்க ஊர்க் குளிர்ல தூங்கி எழுந்தா மூக்கு இருக்காது. குவோ ஒட்டின ஜன்னல் பக்கத்துல மெழுகுவத்திய வச்சா, சுடர் ஆடவே ஆடாது. மனுஷன் அதைக் காட்டறதுக்குன்னே பையில மெழுகுவத்தி வச்சுக்கிட்டுச் சுத்துவார்.

அதே மாதிரிதான் கோழிக்கூட்டையும் ஒட்டியிருந்தார். சுவத்துக்கு மண்ணும் வைக்கோலும் குழைச்சுப் பூசி, இடுக்கெல்லாம் காகிதம் ஒட்டி, மேல பிளாஸ்டிக், கதவுக்குப் பழைய பஞ்சுப் போர்வை. ஒரு ஆள் குந்தி உக்கார்ற அளவு கூடு அது. எறும்புகூட அனுமதி கேட்டுத்தான் உள்ள போகணும்.

சண்டை நடந்த அன்னைக்கு நிங்நிங் அந்தப் போர்வைய விலக்கிட்டு உள்ள தவழ்ந்து போனா. போனதுமே கண்ணு எரிஞ்சுது. மூக்குக்குள்ள ஊசி குத்தின மாதிரி இருந்துச்சு. சோளம், அதான் அந்த மஞ்சக் கோழி, மூலையில இறக்கைய தொங்கப் போட்டுக்கிட்டு நின்னுது. கீழ வைக்கோல் ஈரமா நசநசன்னு. மேல பாத்தா, கூரையோட உள் பக்கம் முழுக்க வெள்ளையா பனி பூத்திருக்கு!

"அப்பா! கூட்டுக்குள்ள பனி!"

குவோ தலைய உள்ள விட்டுப் பாத்தார். "பாத்தியா? எங்கயோ ஒரு இடுக்கு வழியா வருது. நான் ஒட்டாம விட்டுட்டேன்."

உடனே பசை காய்ச்சினார். இன்னும் ரெண்டு அடுக்குக் காகிதம். வீட்டுப் போர்வை ஒண்ணும் லியனுக்குத் தெரியாம கூட்டு மேல ஏறிடுச்சு.

மறுநாள் பாத்தா பனி முன்னைவிட கனமா இருக்கு. சோளம் இழுக்குற சத்தம் வேலிக்கு இந்தப் பக்கம் எனக்கே கேக்குது.

நிங்நிங் என்கிட்ட இருந்து கொஞ்சம் வாத்துக் கொழுப்பு வாங்கிட்டுப் போய், குளிர் கடிக்காம இருக்க தளபதி கொண்டையில தடவி விட்டா. அவன் தலைய ஆட்டினதுல பாதிக் கொழுப்பு அவ கன்னத்துலதான் இருந்துச்சு. "பரவால்ல அத்தை, எனக்கும் தேவைதான்" அப்படின்னு சிரிச்சா. ஆனா கண்ணுல சிரிப்பு இல்ல.

அதுக்கு மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு நேரா எங்க வீட்டுக்கு வந்தா. அவங்க முட்டைக்கோசும் எங்க முட்டைக்கோசும் குளிர்ல உறையாம இருக்க எங்க தோட்டத்து நிலவறையிலதான் கிடக்கும். மூடிய தூக்கி, ரெண்டு பேரும் ஏணியில இறங்கினோம். நான் மேல் இலை காய்ஞ்சதாப் பாத்துப் பொறுக்கிக்கிட்டு இருந்தேன். அவ சுவத்தத் தடவிக்கிட்டு நின்னா.

"அத்தை, இங்க சுவரு காய்ஞ்சிருக்கே?"

"இருக்காதா பின்ன? ஈரமா இருந்தா கோஸு அழுகிடுமே."

"அந்த ஓட்டை எதுக்கு?"

கூரையில ஒரு ஓட்டை உண்டு. ஒரு கட்டு வைக்கோல லேசா செருகி வச்சிருப்போம். அந்த வைக்கோல் நுனியில எல்லாம் பனி பூத்து, கிழவன் தாடி மாதிரி தொங்கிக்கிட்டு இருந்துச்சு.

"எதுக்குன்னா? எல்லாரும் விடுவாங்க, நானும் விட்டிருக்கேன். எனக்கென்ன தெரியும்?" நான் உண்மையைத்தான் சொன்னேன். இத்தனை வருஷமா அந்த ஓட்டைக்குக் கீழ நின்னிருக்கேன், ஒரு நாளும் அண்ணாந்து பாத்து ஏன்னு கேட்டதில்ல.

நிங்நிங் கழுத்துல சுத்தியிருந்த கம்பளித் துண்ட இழுத்து மூஞ்சிக்கு நேரா வச்சுப் பாத்தா. பள்ளிக்கூடத்துல இருந்து நடந்து வந்ததுல, வாய் பட்ட இடம் மட்டும் வெள்ளை வெளேர்னு உறைஞ்சிருந்துச்சு. மத்த இடம் எல்லாம் காய்ஞ்ச கம்பளி.

துண்டப் பாத்தா. மேல வைக்கோலப் பாத்தா. மறுபடியும் துண்டு.

"அத்தை!" நான் பயந்துபோய்க் கையில இருந்த கோஸ கீழ போட்டுட்டேன். "அது வெளிய இருந்து வந்த பனி இல்ல! கோழிங்க விட்ட மூச்சு! வெளிய போக வழியே இல்லாம கூரையில போய் உறைஞ்சு, உருகி, அதுங்க மேலயே சொட்டுது. தளபதி கொண்டை குளிர்ல மட்டும் கறுக்கல. ஈரத்தோட குளிர்றதாலதான்! எச்ச நாத்தமும் உள்ளயே தங்கித்தான் கண்ணு எரியுது!"

"அப்போ இங்க கோஸுமாடி மூச்சு விடுது?"

"விடுது போல இருக்கே!" அப்படின்னுட்டு ஏணியில ஏறி ஓடிட்டா. வந்தது கோஸுக்கு. கோஸ விட்டுட்டுப் போயிட்டா. நான்தான் தூக்கிட்டுப் பின்னாலயே போனேன். கோஸ் குடுக்கப் போன மாதிரியும் ஆச்சு, வேடிக்கை பாத்த மாதிரியும் ஆச்சு.

"ஓட்டையா!" குவோ கையில பசைக் கிண்ணம். "நடுக் குளிர்காலத்துல, நான் ஒட்டின கூட்டுல ஓட்டை போடணுமா? ஊர் சிரிக்கும். அக்கா, நீங்களே சொல்லுங்க."

"நான் கோஸ் குடுக்க வந்தேன் தம்பி" அப்படின்னு ஒதுங்கிக்கிட்டேன்.

நிங்நிங் அழல, கத்தல. உள்ள போய், தண்ணியில ஊறி இளகிக் கிடந்த பேரிக்காய் ஒண்ண எடுத்துட்டு வந்தா. பனியில போட்டு உறைய வச்சு, கறுப்பா ஆன பேரிக்காய். குவோவுக்கு அதுன்னா உயிர்.

"அப்பா, நீங்க ஓட்டை போட வேணாம். ஒண்ணே ஒண்ணு செய்யுங்க. கூட்டுக்குள்ள உக்காந்து இந்தப் பேரிக்காய சாப்பிட்டுட்டு வாங்க. போர்வைய நான் வெளிய இருந்து மூடிக்கறேன்."

"இவ்வளவுதானா?" குவோ சிரிச்சுக்கிட்டே உள்ள தவழ்ந்தார்.

நிங்நிங் போர்வைய நல்லா மூடினா. ஓரத்தையெல்லாம் அவரு ஒட்டற மாதிரியே அமுக்கி விட்டா.

உள்ள இருந்து உறிஞ்சற சத்தம் ஒரு தடவை கேட்டுச்சு. அப்புறம் கேக்கல. அப்புறம் ஒரு இருமல். அப்புறம் தொடர்ந்து இருமல். தளபதி கொக்கொக்கோன்னு கத்தினான். போர்வைய இடிச்சுத் தள்ளிக்கிட்டு குவோ வெளிய வந்து விழுந்தார். கண்ணுல தண்ணி தாரையா ஊத்துது. தலைமுடி ஈரம். வெளிக்காத்து பட்டதும் அந்த முடி அப்படியே விறைச்சு நட்டுக்கிச்சு. கையில பாதிப் பேரிக்காய்.

"முழுசா சாப்பிடலையாப்பா?"

அவர் பேரிக்காயப் பாத்தார். முகர்ந்தார். மூஞ்சிய சுளிச்சார். "கோழி எச்ச நாத்தம் அடிக்குது."

வாசல்ல நின்ன லியனுக்கு சிரிப்பு தாங்கல. நிங்நிங் சிரிக்கல.

"நீங்க ஒரு பேரிக்காய் நேரம்கூட இருக்க முடியல. அதுங்க ராத்திரி பூரா உள்ளயே இருக்குப்பா."

குவோ கூட்டச் சுத்தி ஒரு நடை நடந்தார். தான் ஒட்டின காகிதத்த தடவிப் பாத்தார். நானா இருந்தா அந்த இடத்துல "நான் அப்பவே சொன்னேன்ல"ன்னு ஒரு வார்த்தை விட்டிருப்பேன். அந்தப் பிள்ளை விடல.

"அப்பா, காத்து கோழி மேல நேரா அடிக்கக் கூடாது. உக்கார்ற கட்டைக்கு ரொம்ப மேல, கூரைக்குக் கீழ, காத்து அடிக்காத பக்கமா இருக்கணும். கோணலாப் போனா கெட்டுடும். உங்கள விட்டா யாரு சரியா வெட்டுவா?"

மனுஷன் நிமிர்ந்தார். "ரம்பத்த எடு."

வாழ்நாள் பூரா ஓட்டைய அடைச்ச மனுஷன் முதல் தடவையா ஓட்டை போட்டார். சும்மா சொல்லக் கூடாது, அளவெடுத்து அடிச்ச மாதிரி ஒரு சதுரம். நிலவறையில இருக்கிற மாதிரியே வைக்கோல லேசா செருகினாங்க. நிங்நிங் ஈர வைக்கோல் எல்லாத்தையும் வாரிக் கொட்டி, காய்ஞ்ச உமிய கனமா பரப்பினா. உக்கார்ற உருண்டைக் கட்டைய எடுத்துட்டு அகலமான பலகையா வச்சா. அப்பதான் கோழி விரல வெளிய விட்டுக் கட்டையப் பிடிக்காம, வயித்து இறகு மெத்தைக்குள்ள மடக்கி வச்சுக்கிட்டு உக்காருமாம். சாயங்காலம் ஆளுக்கு ஒரு வாய் மக்காச்சோளம். படுக்கறதுக்கு முன்னால தின்னா ராத்திரி பூரா உடம்பு சூடா இருக்கும்னு லியன் சொன்னா. அறுக்கறேன்னு சொன்ன அதே லியன்தான்.

அன்னைக்கு ராத்திரி காத்து ஊளை விட்டுச்சு. அந்தக் குளிர்காலத்துலயே அதுதான் மோசமான குளிர். எனக்கே படுக்கையில நிம்மதி இல்ல. ஓட்டைய நம்பி விட்டோமேன்னு.

விடிஞ்சதும் வேலி ஓரம் போனேன். அவங்க மூணு பேரும் கூட்டுக்கு முன்னால நிக்கறாங்க. யாரும் போர்வையத் தொடல. ஓட்டையில செருகின வைக்கோல் முழுக்க வெள்ளைத் தாடி தொங்குது.

"நீ தொற" அப்படின்னார் குவோ.

"நீங்க தொறங்க" அப்படின்னா லியன்.

நிங்நிங் தொறந்தா.

முதல்ல தளபதி வந்தான். நேரா குவோவோட பூட்ஸ ஒரு கொத்து கொத்தினான். எல்லாத்துக்கும் காரணம் யாருன்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. பின்னால மத்ததுங்க வரிசையா வந்துச்சு. கடைசியா சோளம். இறக்கை கொஞ்சம் தொங்கத்தான் செஞ்சுது. ஆனா சொந்தக் கால்ல நடந்து வந்து, வெதுவெதுன்னு வச்சிருந்த தண்ணியக் குடிச்சுது.

நிங்நிங் உள்ள கைய விட்டுக் கூரையத் தடவினா. வெளிய எடுத்து எங்க எல்லாருக்கும் கையக் காட்டினா. காய்ஞ்ச கை.

அடுப்புச் சாமி நாள் வந்துச்சு. சோளத்தோட இழுப்பு நின்னு போயிருந்துச்சு. மேல போய் எங்களப் பத்தி இனிப்பா சொல்லணும்னு லியன் சாமி வாயில தேன் தடவிக் கும்பிட்டா, அவ்வளவுதான், கத்திய எடுக்கல. புத்தாண்டுக்கு வந்த புது மாப்பிள்ளைக்கு மீன் வறுத்துப் போட்டாங்க. அவரு சாப்பிட்டுட்டு முற்றத்துல நின்னப்போ தளபதி அவர் தலையில ஏறப் பாத்தான். கொண்டை நுனி ரெண்டு உதிர்ந்துபோச்சுதான். அதனால என்ன? போருக்குப் போயிட்டு வந்த தளபதி மாதிரி இன்னும் ஜோராத்தான் இருக்கான்.

புத்தாண்டு முடிஞ்சு ஒரு காலையில நிங்நிங் வேலி வழியா கைய நீட்டினா. கையில முட்டை. உறைஞ்சு வெடிக்கக் கூடாதுன்னு அக்குளுக்குள்ள வச்சுக் கொண்டு வந்திருக்கா. "சோளம் போட்டது அத்தை. உங்க நிலவறை ஓட்டைக்கு."

குவோ இப்பவும் வீடு வீடா போறார். ஜன்னலுக்குப் பசை, கோழிக்கூட்டுக்கு ரம்பம். மெழுகுவத்திய கூட்டு ஓட்டைகிட்ட பிடிச்சு, "பாருங்க, எப்படி ஆடுது! என் மக சொன்ன ஓட்டை"ன்னு காட்டிக்கிட்டுத் திரியறார்.

உங்க ஊர்ல இந்தக் குளிர் இருக்காது. மழை இருக்குமே, ஈரம் இருக்குமே. அதனால ஒண்ணு கேக்கறேன். உங்க வீட்டுலயோ பக்கத்து வீட்டுலயோ கோழி இருந்தா, நாளைக்குக் காலையில கூட்டுக்குள்ள தலைய விட்டு ஒரு தடவை மூச்ச இழுத்துப் பாருங்க. கண்ணு எரிஞ்சுதா, எரியலையா? கூரை காய்ஞ்சிருந்துச்சா? எனக்கு எழுதுங்க. நான் படிச்சுக் காட்டறேன்னு நிங்நிங்குக்குச் சொல்லி வச்சிருக்கேன். தினமும் வேலிகிட்ட வந்து, "யாராவது எழுதினாங்களா அத்தை?"ன்னு கேட்டுட்டுப் போறா.