எதுவும் கெடாத வீடு

ஒட்வார் வாளியின் மூடியைத் திறந்தபோது நாற்றமே வரவில்லை.

வருஷா வருஷம் செப்டம்பரில் ஏரி மீனை உப்பில் அடுக்கி, மேலே கனமான கல்லை ஏற்றி, கொட்டகை மூலையில் புளிக்க வைத்துவிடுவான். நவம்பரில் திறக்கிற அன்று, பழைய பாலாடைக்கட்டியையும் ஈரக் காலுறையையும் சேர்த்துப் பிழிந்தது போன்ற ஒரு வாடை கொட்டகையைத் தாண்டி, முற்றத்தைத் தாண்டி, மாடிப் படுக்கையறைத் திரைச்சீலை வரை ஏறிப்போய் உட்கார்ந்துகொள்ளும். அவன் மனைவி இங்குன் அதற்குத் தயாராக மூக்கைப் பொத்திக்கொண்டுதான் கொட்டகை வாசலில் நின்றாள். தகரக்கூரையில் மழை விழுந்துகொண்டிருந்தது. வாளித் தண்ணீர் கண்ணாடியாகத் தெளிந்திருந்தது. மீன்கள் இப்போதுதான் பிடித்தவைபோல் மினுங்கின.

"உனக்குப் பயந்துகிட்டு புளிக்காமயே கெடந்திருக்கு போல, விஞ்ஞானியம்மா," என்றான் ஒட்வார்.

அவள் சிரித்தாள். ஆனால் விரலை மூக்கிலிருந்து எடுத்து மூச்சை நன்றாக இழுத்துப் பார்த்தபோது, மீன் வாடை மட்டுமல்ல, ஈர மரத்தின் வாடையும் இல்லை, மூலையில் கிடந்த உருளைக்கிழங்குச் சாக்கின் மண்வாடையும் இல்லை.

அதன்பின் எங்கே பார்த்தாலும் அதுதான். மரத்தடியில் உதிர்ந்த ஆப்பிள்கள் ஒரு வடுகூட இல்லாமல் பளபளத்தன. குப்பைக்குழியில் போட்ட முட்டைக்கோஸ் இலைகள் போட்டபடியே விறைப்பாக இருந்தன. ரொட்டிக்கு வைத்த புளித்தமாவு பொங்கவில்லை. சாக்கடைக் குழாயில் முகத்தை வைத்து முகர்ந்தாள். ஒன்றுமில்லை. இரவில் ஒட்வாரின் கழுத்தருகே படுத்தால், இருபது வருஷமாக அவளைத் தூங்கவைத்த அந்த வியர்வை வாசனை இல்லை. கண்ணாடிக்குப் பக்கத்தில் படுத்திருப்பதுபோல் இருந்தது.

இங்குன் தீவிலிருந்து படகேறி பெர்கன் நகரத்து ஆய்வுக்கூடத்துக்கு வேலைக்குப் போகிறவள். பூமியில் உயிர் எப்படித் தொடங்கியது என்பதுதான் அவர்கள் ஆராய்ச்சி. காய்ந்து நனையும் குட்டைகளில் என்பார்கள் சிலர். வானத்திலிருந்து விழுந்த கல்லில் வந்தது என்பார்கள் சிலர். இருட்டான கடலடியில், கொதிநீர் கசியும் பாறையின் நுண்துளைகளில் என்பது அவள் கூட்டத்தின் கட்சி. அப்படிப்பட்ட பாறை ஒன்றைக் கண்ணாடிக் குழாயில் அடைத்து, வருஷக்கணக்கில் சுடுநீர் ஓடவிட்டிருந்தார்கள். செப்டம்பரில் அந்தக் குழாய் வெடித்து அவள் கம்பளிச் சட்டை நனைந்தது. உப்பும் எண்ணெய்ப் பசையும்தானே என்று வீட்டுத் தொட்டியிலேயே அலசிப் போட்டாள்.

மாணவர்களுக்கு அவள் எப்போதும் சொல்வது ஒன்று உண்டு. இன்றைக்கு ஒரு புது உயிர் முதலிலிருந்து தொடங்கினாலும் பிழைக்காது. ஏற்கெனவே இருக்கும் கிருமிகள் அதைத் தின்று தீர்த்துவிடும். அது மாறி, புதியது பழையதைத் தின்று தீர்க்கலாம் என்று அவள் நினைத்ததே இல்லை.

ஒட்வாருக்குப் பசி அடங்கவில்லை. ஆட்டுக்கறியும் கோசும் வேகவைத்த பானையைத் தனியாகக் காலிசெய்வான். ஆனாலும் அடுத்த வாரமே உடம்பு வற்றி, கால்சட்டை இடுப்பில் நிற்கவில்லை. மருத்துவரிடம் போய்விட்டு வந்தவன், "வயித்துல கிருமியே இல்லையாம். இவ்ளோ சுத்தமா யாரையும் பாத்ததில்லைன்னு சொல்லி கை குடுத்தார்," என்றான். சொல்லும்போது நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

இங்குன் பழைய நுண்ணோக்கியைச் சாப்பாட்டு மேசையில் வைத்து, மீன்வாளித் தண்ணீர் ஒரு சொட்டை விட்டுப் பார்த்தாள். கிருமிகள் மொய்க்க வேண்டிய இடத்தில் ஒன்றுகூட இல்லை. உருண்டைகள் மட்டும் மிதந்தன. மெல்லிய தோல் போர்த்திய, உள்ளே எதுவுமில்லாததுபோல் தெரியும் உருண்டைகள். இரண்டு நெருங்கின. தொட்டன. நடுவிலிருந்த சுவர் கரைந்து ஒன்றாயின. அவள் தன் எச்சிலைத் தொட்டு வைத்துப் பார்த்தாள்.

அதே உருண்டைகள்.

கூட வேலைசெய்யும் ஸ்தியானைத் தொலைபேசியில் அழைத்தாள். பார்த்ததையெல்லாம் சொன்னாள்.

"இங்க குப்பைத்தொட்டி நாறல, இங்குன்," என்றான் அவன். "நான்கூட யாரோ தினமும் கழுவுறாங்கன்னு நெனச்சேன்."

"நீ எப்படி இருக்கே?"

"பசிக்குது. இப்பதான் சாப்ட்டேன். ஆனா பசிக்குது."

புயலால் படகுப் போக்குவரத்து நின்றது. அவள் கொட்டகைக்குப் போய்ப் பெட்ரோல் கேனைத் தூக்கினாள். வீட்டைக் கொளுத்திவிடலாம். பிறகு? தொட்டித் தண்ணீர் சாக்கடைக்குப் போனது, சாக்கடை கடலுக்குப் போனது. அவள் பிடித்த படகுக் கம்பியை ஊரே பிடித்தது. ஒட்வாரின் கையைக் குலுக்கிய மருத்துவர் அடுத்தவரைத் தொட்டிருப்பார். வாசலுக்கு வெளியே கடற்கரையில் செத்த நீர்க்காகம் ஒன்று கிடந்தது. எப்போது செத்ததோ. இறகுகூடக் கலையவில்லை. ஒரு ஈயும் இல்லை. கேனைக் கீழே வைத்துவிட்டாள்.

சில நாளில் ஒட்வார் படுக்கையில் விழுந்தான். அவன் கடைசியாகக் கேட்டது தண்ணீர்கூட இல்லை.

"கையப் புடிச்சுக்கோ," என்றான். "பயமா இருக்கு."

பிடித்துக்கொண்டாள். மத்தியானம் அவன் மூச்சு நின்றது. வடக்குத் தேசத்துக் குளிர்காலம், வெளியே அதற்குள் இருட்டத் தொடங்கியிருந்தது. அவள் அழவில்லை. அந்தக் கை குளிர்ந்து விறைக்கட்டும், பிறகு விடலாம் என்று உட்கார்ந்திருந்தாள். காற்று ஜன்னலை உலுக்கியது. கணப்பில் விறகு தீர்ந்து சாம்பலானது. அறை சில்லிட்டது.

கை குளிரவில்லை.

எப்போது கண்ணயர்ந்தாள் என்று தெரியவில்லை. விழித்தபோது அவன் முகம் அப்படியே இருந்தது, கன்னத்தில் சிவப்புகூட மாறாமல். கை முன்னைவிடச் சூடாக இருந்தது. எழுந்து விளக்கைப் போட நினைத்துக் கையை இழுத்தாள்.

வரவில்லை.

மறுபடி இழுத்தாள். அவன் தோளும் சேர்ந்து நகர்ந்தது. மற்றக் கையால் தடவிப் பார்த்தாள். இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே ஈரமான, வழுவழுப்பான தோல். அவன் விரல் எங்கே முடிகிறது. தன் விரல் எங்கே தொடங்குகிறது. விளிம்பு கிடைக்கவில்லை. நகத்தால் கீறினாள்.

வலிக்கவில்லை.

மணிக்கட்டு வரை ஏறியிருந்தது. அந்தத் தோலுக்குள் ஏதோ துடித்தது. மெதுவாக. மிக மெதுவாக. அவள் மற்றக் கையைத் தன் நெஞ்சில் வைத்தாள். இதயம் தடதடவென்று அடித்துக்கொண்டிருந்தது. கைக்குள் துடிப்பது அது இல்லை. இது வேறு.

மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தாள்.

நெஞ்சின் துடிப்பு இறங்கியது. இன்னும் இறங்கியது. ஒரு துடிப்பு விட்டுப்போனது. பிறகு, கைக்குள் துடித்த அதே கணத்தில், துடித்தது.