விடிந்ததும் கீரை

மருதவாணனின் வயிறு அன்றும் உண்மையைச் சொல்லிவிட்டது.

சனியின் துணைக்கோளான டைட்டனில் இது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். சாப்பிட்டுக் கைகழுவியதும் குடும்பத்தார் மேசையைச் சுற்றி நிற்பார்கள். ஒவ்வொருவர் வயிற்றிலும் மிளகு அளவில் ஒரு வயிற்றொற்றன் உட்கார்ந்திருக்கும். உள்ளே என்ன வந்து சேர்ந்தது என்று அது வீட்டு இயந்திரத்துக்குத் தகவல் அனுப்பும். இயந்திரம் அதை எல்லோருக்கும் கேட்கும்படி படிக்கும். கணவன் வெளியே எதைத் தின்றுவிட்டு வந்தான் என்று மனைவி சட்டையை மோந்து கண்டுபிடித்த காலமெல்லாம் பூமியோடு போயிற்று.

"தானியமும் கிழங்கும் முக்கால் வயிறு. பருப்பு சிறிது. காய் இல்லை. பழம் இல்லை. பால் இல்லை," என்று படித்தது அளவன். அதுதான் மருதவாணன் வீட்டு இயந்திரம். இடுப்பு உயரம், இரண்டு கைகள், நெற்றியில் ஒரு விளக்கு. ஐந்து வகையும் அளவோடு உள்ளே போயிருந்தால் விளக்கு பச்சையாக எரியும். மருதவாணன் அந்தப் பச்சையைப் பார்த்து நெடுநாளாகிவிட்டது.

"காய் இல்லன்னு எப்படிச் சொல்ற? உருளைக்கிழங்குப் பொரியல் ரெண்டு கரண்டி சாப்பிட்டேன்," என்றார் அவர்.

"உருளைக்கிழங்கு காயன்று, ஐயா. சோற்றுக்கு உடன்பிறப்பு. தாங்கள் சோற்றுக்குச் சோற்றைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டிருக்கிறீர்கள்."

அவர் மனைவி பொற்கலை சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் பொதுச் சமையற்கூடத்தில் வேலை பார்ப்பவள். அவளுக்கு எப்போதும் பச்சைதான்.

சாதாரண நாளாக இருந்தால் மருதவாணனும் சிரித்துவிட்டுப் போயிருப்பார். ஆனால் செவ்வாய்க் கோளில் அவர் தங்கை யாழிசைக்குக் கல்யாணம். மணப்பெண் கையில் பொரி அள்ளிப் போட அண்ணன் நிற்க வேண்டும். யாழிசைக்கு இருப்பது இந்த ஒரே அண்ணன். அப்பா அம்மா போனபிறகு தூக்கி வளர்த்த தங்கை. அவர் வராவிட்டால் பொரி போட ஆளில்லை என்பதைவிட, "அண்ணன் வரலையா?" என்று ஊரே கேட்கும்போது அவள் முகம் எப்படி இருக்கும் என்பதுதான் அவரை வாட்டியது.

போவதற்குத் தடை, காற்றுச் சான்று. கப்பல் ஒரு மூடிய டப்பா. இரண்டு மாதம் எல்லோரும் ஒரே காற்றைச் சுத்தம் செய்து சுத்தம் செய்து மூச்சு விடவேண்டும். அதில் கிழங்குப் பிரியர் ஒருவர் ஏறினால் போதும், மற்றவர்கள் பாடு திண்டாட்டம். முன்பு ஒருமுறை அப்படி நடந்து, வியாழனைத் தாண்டுவதற்குள் பயணிகள் கப்பலைத் திருப்பச் சொல்லிக் கலவரம் செய்தார்கள். அதிலிருந்து, வீட்டு இயந்திரம் பச்சை காட்டி முத்திரை வைத்தவர்களுக்கு மட்டுமே அனுமதி.

"இன்று முதலே தொடங்கலாம், ஐயா. கீரை தயாராக இருக்கிறது," என்றது அளவன்.

"பொழுது விடியட்டும். விடிஞ்சதும் ஆரம்பிச்சிடறேன்."

டைட்டன்வாசிகள் எல்லோரும் சொல்லும் பதில் இது. அங்கே ஒருமுறை விடிந்தால் மறுமுறை விடிவதற்குப் பூமிக் கணக்கில் பதினாறு நாள் ஆகும். மனிதர்கள் அந்தத் துணைக்கோளில் குடியேற ஒப்புக்கொண்டதே இந்த வசதிக்காகத்தானோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

"விடியல் என்பது வெளிச்சத்தைப் பற்றிய செய்தி. கீரைக்கும் அதற்கும் தொடர்பில்லை. மனிதர்கள் ஏன் தள்ளிப்போடுகிறார்கள் என்பது எனக்கு விளங்கவேயில்லை," என்றது அளவன்.

மருதவாணன் பனிக்கட்டி துளைக்கும் யந்திரத்தை ஓட்டுபவர். நேராகப் போக முடியாத இடத்தில் சுற்றிப் போகத் தெரிந்தவர். ஒருநாள் முழுக்க யோசித்து, ஐந்து வகை என்றுதானே சட்டம் சொல்கிறது என்று கண்டுபிடித்தார். மறுநாள் அவர் தட்டில் புளியோதரை இருந்தது, அது தானியம். நாலு மெதுவடை, பருப்பு. வாழைக்காய் வறுவல், காய். பலாச்சுளை வறுவல், பழம். ஒரு பெரிய கிண்ணத்தில் பால்பாயசம், பால்.

அளவன் தட்டைச் சுற்றிச் சுற்றி வந்தது. ஐந்து வகையும் இருந்தன, அளவும் சரியாக இருந்தது. சட்டப்படி பச்சை எரியவேண்டும். ஆனால் எதுவோ சரியில்லை என்று அதற்குத் தோன்றியது. பச்சைக்கும் சிவப்புக்கும் நடுவே விளக்கு மஞ்சளாக நின்றது.

"எல்லாம் எண்ணெயிலும் சர்க்கரையிலும் குளித்திருக்கின்றன, ஐயா."

"நீ என்னிக்காவது ஒரு வடை தின்னிருக்கியா? தின்னாம எப்படித் தீர்ப்பு சொல்ற?"

நியாயமான கேள்வி என்று அளவனுக்குப் பட்டுவிட்டது. நியாயத்துக்குக் கட்டுப்படும்படிதான் அதைச் செய்திருந்தார்கள். உப்புக் காரம் பார்க்கும் இயந்திரங்களுக்குச் சமையற்கூடத்தில் நாத்தகடு என்று ஒன்று பொருத்துவது வழக்கம். தனக்கும் ஒன்று வேண்டும் என்று அது பொற்கலையிடம் கேட்டது. வேண்டாத வேலை என்று அவள் சொல்லிப் பார்த்தாள். பிறகு ஒன்றைக் கொண்டுவந்து மாட்டிவிட்டாள்.

அளவன் முதல் வடையை வாய்த்துளையில் வைத்தது. நெற்றி விளக்கு அணைந்து மறுபடி எரிந்தது.

"தெளிவாகவில்லை. இன்னொன்று பார்க்கவேண்டும்," என்றது.

இன்னொன்றைப் பார்த்தது. பிறகு சட்டினியோடு பார்த்தது. சுவைத்ததெல்லாம் அதன் வயிற்றுக்குள் மாதிரி சேகரிக்க வைத்திருந்த பைக்குள் போயிற்று. அன்றிலிருந்து தினமும் சாப்பாட்டுக்கு முன்பே அளவன் மேசைக்கு வந்துவிடும். வறுவலில் பாதியைச் சரிபார்க்கும். பாயசத்தை அடிவரை சரிபார்க்கும். நேற்றே பார்த்தாயிற்றே என்று மருதவாணன் தட்டை இழுத்துக்கொண்டால், ஒவ்வொரு ஈடும் வேறு வேறு என்று விளக்கம் சொல்லும். உருளைக்கிழங்கும் ஒரு வகையில் காய்தான் என்று ஒருநாள் தானாகவே ஒப்புக்கொண்டு, அந்தப் பொரியலையும் எடுத்துக்கொண்டது.

பாவம், துளை யந்திரத்தோடு மல்லுக்கட்டிவிட்டு வரும் மனிதருக்கு எவ்வளவு பசிக்கும். பசி ருசி அறியாது. பொற்கலை தனக்கென்று செய்து வைத்திருந்த கீரையையும் அவரைக்காயையும் முதலில் திட்டிக்கொண்டே சாப்பிட்டார். பிறகு திட்டாமல் சாப்பிட்டார். பயறும் தயிரும் பப்பாளித் துண்டும் கேட்டு வாங்கினார். இடுப்புப்பட்டை ஒரு துளை உள்ளே போயிற்று. அளவன் வாயைத் துடைத்துக்கொண்டு பச்சை காட்டி முத்திரை வைத்தது.

கப்பல் வாசலில் முகர்வான் நின்றது. ஏறுகிற மனிதர், மூட்டை, இயந்திரம் எல்லாவற்றையும் மோந்து பார்க்கும் கருவி அது. மருதவாணன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு அதன் முன் போய் நின்றார். பச்சை. பொற்கலைக்கும் பச்சை. கல்யாணத்துக்குத் தானும் கிளம்பிப் பின்னால் வந்த அளவன் பக்கம் மூக்கை நீட்டியதுதான் தாமதம், முகர்வான் அலறியது. வாரக்கணக்கான வடையும் பாயசமும் மாதிரிப் பையில் கலந்து நுரைத்துக்கொண்டிருந்தன. வரிசையில் நின்றவர்கள் விலகி ஓடினார்கள்.

மனிதர்கள் போகலாம், இயந்திரம் வீட்டுக்குத் திரும்பவேண்டும் என்று தீர்ப்பாயிற்று. மருதவாணனுக்கு அதன்மேல் கோபமும் பரிதாபமும் ஒன்றாக வந்தன.

"நாத்தகட்டைக் கழட்டு. பையைக் கழுவு. இன்னிக்கே செய்," என்றார்.

அளவன் தலை குனிந்தது. "பொழுது விடியட்டும், ஐயா. விடிந்ததும் ஆரம்பித்துவிடுகிறேன்."

கல்யாணம் நன்றாக நடந்தது. மருதவாணன் யாழிசையின் கையில் பொரியை அள்ளிப் போட்டபோது அவள் அழுதாள், அவரும் அழுதார். அப்புறம் பந்தி. கூட்டையும் கீரையையும் முதலில் முடித்துவிட்டு, வடைக்காரர் வந்தபோது இலைமேல் கையை நீட்டி மறைத்தார். மாப்பிள்ளை வீட்டார், அவர் மனம் கோணிவிட்டதோ என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அந்த நேரத்தில் டைட்டனிலிருந்து அளவனின் செய்தி வந்தது. ஆரம்பித்தாயா என்று அவர் காலையில் கேட்டிருந்ததற்குப் பதில்.

"இங்கே ஒரே மூட்டமாக இருக்கிறது, ஐயா. விடிந்ததா இல்லையா என்று சரியாகத் தெரியவில்லை. விடிந்திருந்தாலும் பொங்கல் வருகிறது. பண்டிகை கழியட்டும்."

டைட்டனில் என்றைக்குமே மூட்டம்தான். மருதவாணன் அதை இரண்டு முறை படித்தார். தனியாக வீட்டில் உட்கார்ந்து வறுவல் தின்னும் அந்தச் சின்ன உருவம் கண்முன் வந்தது. அடுத்த வரிசைக்குப் போய்விட்ட வடைக்காரரைக் கைதட்டிக் கூப்பிட்டார். இலையில் மூன்று வடை விழுந்தது.

"பொழுது விடிஞ்சதும் சரிபண்ணிக்கலாம்," என்று பக்கத்து இலைக்காரரிடம் சமாதானம் சொன்னார். அவர் மாப்பிள்ளையின் சித்தப்பா, செவ்வாயிலேயே பிறந்தவர். "இங்க எப்பங்க விடியும்?" என்று அவரிடமே கேட்டார் மருதவாணன்.

"தினமும் விடியும்."

மருதவாணன் திடுக்கிட்டுப் போனார். "தினமுமா? அப்புறம் எப்படிச் சமாளிக்கிறீங்க?"

சித்தப்பா பாயசத்தை இலையில் ஊற்றி வழித்தார்.

"அதுக்குத்தான் பூமியிலேர்ந்து வரும்போதே திங்கக்கிழமைன்னு ஒண்ணைக் கொண்டுவந்திருக்கோம்," என்றார்.