வில்லாபுரத்து ஊசி

வில்லாபுரத்தில் அம்மாவோடு பஸ்ஸை விட்டு இறங்கி விசாரித்தபோது, ஊர்க்காரர்கள் அந்த டாக்டர் வீட்டைத் தூரத்திலிருந்தே கைகாட்டிவிட்டு நகர்ந்தார்கள். மதுரைப் பக்கம் வழி கேட்டால் வாசல்வரை கொண்டுபோய் விடுகிற ஆட்கள். அன்னக்கொடிக்கு அங்கேயே சந்தேகம் தட்டியது.

வீடு பழையது. போர்டில் டாக்டர் என்று இருந்ததே தவிர, என்ன படித்தவர் என்று இல்லை. உள்ளே நடுப்பகலிலும் இருட்டு. டெட்டால் வாசனையோடு மெழுகு உருகிய வாடையும் வந்தது.

ஏழு வயதில் போட்ட அம்மை அவளுடைய இடது கன்னத்தில் குழிகுழியாகத் தங்கிவிட்டது. அதைப் பார்த்து எழுந்துபோன மாப்பிள்ளைகள் இரண்டு பேர். மூன்றாவது வரனுக்கு அம்மா ரெங்கம்மாள் ஒரு தந்திரம் செய்தாள். ஸ்டூடியோக்காரரிடம் சொல்லி, நெகட்டிவிலேயே பென்சில் ஓட்டிக் குழிகளை மறைத்துப் படம் அனுப்பிவைத்தாள். படம் பிடித்துப்போய், திருமங்கலத்துக்காரர்கள் வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள். இன்று திங்கள். இப்போது முகத்தைப் படத்துக்குத் தக்கபடி மாற்றியாக வேண்டும். இதுவும் தட்டிப்போனால் தனக்குக் கல்யாணமே இல்லை என்று அன்னக்கொடியும் பயந்து கிடந்தாள்.

அம்மா டாக்டரிடம் பேச உள்ளே போனாள். பெஞ்சின் மறுகோடியில் ஒருத்தி அரக்குச் சேலை முந்தானையால் முகத்தை மூடி உட்கார்ந்திருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை.

"ஊசி போடவா வந்திருக்க?"

கிசுகிசுப்பான குரல்.

"ஆமாக்கா."

"என்ன மருந்துன்னு கேட்டியா? முன்னால போட்டுக்கிட்டவுக யாரையாச்சும் பாத்தியா?"

"இல்லக்கா."

"போட்டதத் திருப்பி எடுக்க முடியுமான்னு கேளு. மத்தத விட்டாலும் அத மட்டும் மறந்திராத, தாயி."

யாரோ நல்ல மனசுக்காரி என்றுதான் அன்னக்கொடி நினைத்தாள். அதற்குள் அம்மா உள்ளிருந்து கூப்பிட்டாள்.

டாக்டர் கூழ்போல எதையோ ஊசியில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"அது என்ன மருந்து சார்?"

"பினாங்குச் சரக்கும்மா. குழியெல்லாம் ரொம்பிரும்."

"பேரு?"

"பேரத் தெரிஞ்சு என்ன செய்யப்போற?"

"முன்னால போட்டவங்க யாரையாவது பாக்கலாமா?"

"எல்லாம் வெளியூர்க்காரவுக."

"சும்மா இருடி" என்று அம்மா தொடையில் கிள்ளினாள். அன்னக்கொடி விடவில்லை.

"பிடிக்கலைன்னா திருப்பி எடுத்துரலாமா?"

டாக்டரின் கை நின்றது.

"எடுக்கல்லாம் முடியாது. அதுவா நகந்து வேற எடத்துக்குப் போனாத்தான் உண்டு. இதெல்லாம் யாரு கேக்கச் சொன்னா?"

"பெஞ்சுல இருக்காகளே, அரக்குச் சேலை அக்கா. முகத்த மூடிக்கிட்டு..."

ஊசி கைநழுவித் தரையில் விழுந்து உடைந்தது.

"அழகம்மாளா?" என்றார் டாக்டர். "இந்த ஊசி போட்டுக்கிட்டவ. அவ செத்து ஆறு மாசமாச்சே!"

கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ நிம்மதியாக மூச்சு விட்டார்கள்.

அம்மா அவளை இழுத்துக்கொண்டு வெளியே ஓடிவந்தாள். பெஞ்சில் யாரும் இல்லை. வாசல் தாண்டும்போது இடது கன்னத்தில் ஏதோ ஜில்லென்று பட்டது. ஓடுகிற அவசரத்தில் அன்னக்கொடி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வெள்ளிக்கிழமை. இருக்கிற முகத்தோடு போய் நிற்பது என்று அவள் தீர்மானித்திருந்தாள். பவுடர்கூடப் பூசவில்லை. காலையில் முகம் கழுவியபோதும் விரலுக்குக் குழிகள் தட்டுப்பட்டன. பிடித்தால் பிடிக்கட்டும், இல்லாவிட்டால் போகட்டும் என்ற தைரியம் முதல்முறையாக வந்திருந்தது.

காபித் தட்டோடு வந்து நின்றாள். மாப்பிள்ளையின் தாய் அவள் முகவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

அன்னக்கொடி கண்ணை மூடிக்கொண்டாள்.

"அம்மைத் தழும்புன்னு எவனோ பொரளி கெளப்பிவிட்டிருக்கான். கன்னம் எம்புட்டு மொழுமொழுன்னு இருக்கு! அடுத்த முகூர்த்தத்துலயே வச்சுக்கிருவோம்."

ரெங்கம்மாள் மகளைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

அன்னக்கொடி விரலால் கன்னத்தைத் தொட்டாள். ஒரு குழிகூட இல்லை. லேசாக அழுத்தினாள்.

உள்ளே, அன்றைக்கு வாசலில் பட்ட அதே ஜில்லிப்போடு இருந்த ஏதோ ஒன்று அவள் விரலுக்கு விலகி, மெல்ல ஊர்ந்து, தாடை ஓரமாகப் போய் உட்கார்ந்துகொண்டது.