தும்பிக்கு ஒரு கேப்டன்

தும்பி ஒரு விண்கப்பல். நீளம் ஒன்றரைச் சாண்தான். இரண்டு பிளாஸ்டிக் பாட்டில்களை வெட்டி ஒட்டியது. சாக்லேட் தாள் சுற்றிய இரண்டு இறக்கைகள் வெயிலை வாங்கி மின்சாரமாக்கும். மூக்கில் தொலைநோக்கி. வால்மீனின் பின்னாலேயே பறந்து, அது உதிர்க்கும் தூசியைச் சேகரித்து வருவதுதான் தும்பியின் வேலை.

"ஒரு பீரங்கிகூட இல்லையா?" என்று பக்கத்து மேசைப் பையன் சிரித்தான். அவன் கப்பலில் பன்னிரண்டு இருந்தன.

"தூசி பொறுக்கப் போறவங்களுக்கு எதுக்குடா பீரங்கி?" என்றாள் அக்கா.

அக்கா ஐந்தாம் வகுப்பு. கப்பலை வரைந்தது அவள். ஒட்டியது அவள் தோழி கோந்து. விரலில் எப்போதும் பசை காய்ந்திருப்பதால் வந்த பெயர் அது. பள்ளிக் கண்காட்சி தொடங்க இன்னும் அரை மணி நேரம்தான் இருந்தது.

அப்போது இரண்டாம் வகுப்பிலிருந்து தம்பி மூச்சிரைக்க ஓடிவந்தான். உள்ளங்கையில் ஒரு களிமண் பொம்மை. தலை பெரிது, கால் குட்டை. மூன்று நாளாக அவனே செய்தது.

"அக்கா, கேப்டன் காய்ஞ்சிட்டாரு! இது நான்தான். சீக்கிரம் உள்ளே உட்கார வை."

அக்கா கப்பலைத் திரும்பிப் பார்த்தாள். கேப்டனை அவள் சுத்தமாக மறந்துவிட்டாள். கப்பலை நேற்றே ஒட்டி மூடியாகிவிட்டது. கண்ணாடி ஜன்னல் வழியே ஓட்டுநரும் விஞ்ஞானியும் தெரிந்தார்கள். நடுவில் ஒரு காலி நாற்காலி.

தம்பி ஜன்னலில் மூக்கை வைத்துப் பார்த்தான்.

"என்னை விட்டுட்டுக் கிளம்பிட்டீங்களா?"

"பிரிச்சிடலாமா?" என்று கிசுகிசுத்தாள் அக்கா.

"நான் ஒட்டினா ஒட்டினதுதான். பிரிச்சா உடைஞ்சிடும்," என்றாள் கோந்து. "மேலே உட்கார வெச்சிடலாமே?"

"நான் என்ன காக்காவா?" என்றான் தம்பி. கண்ணீர் உருண்டது.

அக்கா அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "தப்பு என்னோடதுடா. நான்தான் மறந்துட்டேன்."

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அக்கா கப்பலையே பார்த்தாள். இறக்கை இருக்கிறது. தொலைநோக்கி இருக்கிறது.

"கோந்து, தும்பிக்குக் கை எங்கே?"

"கையா? நீ வரையவே இல்லையே."

"அப்போ தூசியை யாரு எடுக்கிறது? ஒருத்தர் வெளியே போய்த்தானே ஆகணும்!"

தம்பி மெல்லத் திரும்பினான்.

"ரொம்ப தைரியசாலி போகணும்," என்றாள் அக்கா.

கொஞ்ச நேரத்தில், வளைந்த கம்பி ஒன்றின் முனையில் கேப்டன் கப்பலுக்கு வெளியே மிதந்தார். கையில் ஐஸ்கிரீம் கரண்டி. இடுப்பிலிருந்து கப்பலுக்கு ஒரு நூல்.

"நூல் அவிழ்ந்துட்டா?" என்று கேட்டான் தம்பி.

"மூணு முடிச்சு போட்டிருக்கேன்," என்றாள் அக்கா.

"நாலு போடு."

போட்டாள்.

அறிவியல் டீச்சர் வந்தார். கப்பலை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். "கேப்டன் பிரமாதம். ஆனா கப்பலுக்குக் கதவைக் காணோமே?"

அக்கா கோந்துவைப் பார்த்தாள். கோந்து தன் விரல்களைப் பார்த்தாள்.

"மறந்துட்டோம், மிஸ்."

பக்கத்து மேசைப் பையன் விழுந்து விழுந்து சிரித்தான்.

தம்பி சிரிக்கவில்லை. ஜன்னல் வழியே உள்ளே இருந்த இருவரையும் பார்த்து, 'த்சு' கொட்டினான்.

"பயப்படாதீங்க," என்றான். "தூசி பொறுக்கி முடிச்சதும் உங்க ரெண்டு பேரையும் காப்பாத்தறேன்."