கதவோர நாயைக் காணோம்!

கைடுகளுக்கு முதுகில் கண் கிடையாது.

இருந்திருந்தால் அந்தக் கைடு பெண் அன்று காலை பத்தே முக்காலுக்கு மேனேஜரின் காலை மிதித்திருக்க மாட்டாள்!

விருந்தாளிகளின் முகத்தைப் பார்த்துப் பேசியபடியே பின்பக்கமாக நடப்பது அவள் பழக்கம். அந்த எஸ்டேட் மாளிகையின் முப்பத்திரண்டு அறைகளையும் ஆறு வருடமாக அப்படித்தான் சுற்றிக் காட்டுகிறாள். இதுவரை ஒரு நாற்காலியில்கூட இடித்ததில்லை.

"இதுதான் லைப்ரரி. இந்த வீட்டைக் கட்டின பெரியவர், வெறுங்கையால புலியை அடிச்சாரே, அவர் சாயங்காலம் ஆனா இங்கதான் வந்து..."

மெத்தென்று எதையோ மிதித்தாள்.

திரும்பினாள்.

"ஐயோ...!"

அவள் போட்ட அலறலில் மாடி ஜன்னல் புறாக்கள் மொத்தமாகப் பறந்தன.

கார்ப்பெட்டில் மல்லாந்து கிடந்தார் மேனேஜர். கண்கள் மூடியிருந்தன. வாய் ஆவென்று திறந்திருந்தது. தலைமாட்டில் ஒரு பித்தளை பேப்பர் வெயிட்!

"செத்துட்டாரா?" என்று கணவரின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள் பல் டாக்டரின் மனைவி. அவளுடைய மற்ற கையில் ஓர் அறுந்த செருப்பு. தோட்டத்தில் நடக்கும்போது அறுந்துவிட்டது. அதனால்தான் தோட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டு, அரை மணி நேரம் முன்னதாகவே மூவரும் உள்ளே வந்திருந்தார்கள்.

அன்றைய அரை நாள் தனி டூருக்கு வந்த விருந்தாளிகள் இந்தத் தம்பதி மட்டும்தான். இருபத்தைந்தாவது கல்யாண நாள்.

"என்னங்க... நீங்க டாக்டர்தானே? பாருங்களேன்!"

"நான் பல் டாக்டர்மா..."

"வாயைத் திறந்துதானே வச்சிருக்கார்? பாருங்க!"

டாக்டர் வேறு வழியில்லாமல் மண்டியிட்டார். நாடியைப் பிடித்தார். பின்மண்டையைத் தடவினார். புருவத்தைச் சுருக்கினார்.

"நாடி ஜம்முனு இருக்கு. கடைவாய்ப் பல்லு ஒண்ணு சொத்தை. மத்தபடி..."

மேனேஜர் முனகிக்கொண்டே கண் விழித்தார்.

"பின்னால இருந்து... எவனோ அடிச்சுட்டான்..."

"என்ன இங்க கூச்சல்? ஏய் வாயாடி... என்னடி ஆச்சு?"

மாடிப்படியில் இறங்கி வந்தாள் வீட்டுக்காரம்மா. அறுபத்தெட்டு வயது. தலைமேல் கண்ணாடி, கையில் பாதி முடித்த குறுக்கெழுத்துப் போட்டி. கைடை அவள் 'வாயாடி' என்று கூப்பிட்டால் சந்தோஷமாக இருக்கிறாள் என்று அர்த்தம்.

விஷயத்தைக் கேட்டதும் சந்தோஷம் போய்விட்டது.

"என்னத்தைத் தூக்கிட்டுப் போனான், பாரு!"

கைடு கண்ணைச் சுழற்றினாள். தங்க மைக்கூடு... இருந்தது. வெள்ளிக் கைப்பிடி வைத்த வாள்கள்... இரண்டும் இருந்தன. மூலையில் ஆளுயரப் பெண்டுலக் கடிகாரம். அதை விற்றால் ஒரு தெருவையே வாங்கலாம். அதுவும் இருந்தது.

அப்புறம் கதவைப் பார்த்தாள். எப்போதும் அகலத் திறந்தே இருக்கும் லைப்ரரிக் கதவு பாதி மூடியிருந்தது!

"அம்மா... நாயைக் காணோம்!"

"எந்த நாய்?"

"கதவு மூடாம இருக்க முட்டுக் கொடுத்து வச்சிருப்போமே... அந்த பிளாஸ்டர் நாய்!"

வீட்டுக்காரம்மா வாய்விட்டுச் சிரித்தாள்.

"அந்த ஒத்தைக் காது நாயா? தங்கத்தை விட்டுட்டு அதையா தூக்கிட்டுப் போனான்? கண்ணு தெரியாத திருடனா இருப்பான் போலிருக்கே!"

கைடு சிரிக்கவில்லை. 

திருடன் ஏன் நாயை எடுத்தான் என்று இந்த உலகத்தில் அவளுக்கு மட்டும்தான் தெரியும்!

கைடின் ரகசியம் இதுதான். தினமும் அதே புலி, அதே வாள், அதே பெரியவர் என்று ஒப்பித்து ஒப்பித்து அவளுக்கு வாய் புளித்துவிட்டது. அதனால் தனி டூருக்கு வருகிறவர்களுக்கு மட்டும் சொந்தமாக ஒரு கதை கட்டுவாள். ஒரு டூருக்கு ஒரு பொய். ஒருவருக்குச் சொன்னதை இன்னொருவருக்குச் சொல்லவே மாட்டாள். அது அவளுடைய தொழில் தர்மம்!

இன்றைக்கு வந்த தம்பதிக்குத் தோட்டத்துச் சலவைக்கல் பெஞ்சு. அதில் உட்கார்ந்துதான் பெரியவர் தன் காதலியிடம் பதினான்கு தடவை 'என்னைக் கட்டிக்கிறியா' என்று கேட்டாராம். பதினைந்தாவது தடவைதான் அந்தப் பெண் தலையாட்டினாளாம். டாக்டரின் மனைவி அதைக் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நாயைப் பற்றிய பொய் இது. 'திருடனுக்குப் பயந்து, கோலிக்குண்டு அளவு மரகதத்தை இந்த நாயோட வயித்துலதான் பெரியவர் ஒளிச்சு வச்சாராம். உடைச்சுப் பார்க்க இன்னிக்கு வரைக்கும் யாருக்கும் தைரியம் வரலை!'

இந்தக் கதையை நிஜம் என்று நம்பும்படி அவள் ஒரே ஓர் ஆளிடம்தான் சொல்லியிருந்தாள். ஆகவே அந்த ஆள்தான் திருடன்.

சொல்லிவிடலாமே என்கிறீர்களா? எப்படிச் சொல்வது! போன மாதம்தான் மேனேஜர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு எச்சரித்திருந்தார். 'அம்மா கொடுத்த நோட்டுல இல்லாததை நீ யார்கிட்டயாவது சொன்னேன்னு அவங்க காதுக்குப் போச்சுன்னா... அன்னைக்கே மூட்டையைக் கட்டிடணும்!' அவளை வேலையில் நிரந்தரம் ஆக்குவதா வேண்டாமா என்று நாளைக்குத்தான் முடிவு. அவளுக்கு இந்த வேலை என்றால் உயிர். ஞாயிற்றுக்கிழமை லீவு விட்டால்கூட, வீட்டில் சமையலறையைப் பின்பக்கமாக நடந்து காட்டிக்கொண்டிருப்பாள்.

வாயை மூடிக்கொண்டாள்.

மேனேஜர் வாயைத் திறந்தார்.

"அம்மா... இப்ப ஞாபகம் வருது. அடிச்சவனோட கை தெரிஞ்சுது. காக்கிச் சட்டை!"

எஸ்டேட்டில் காக்கிச் சட்டை போடுகிற ஆள் ஒருவர்தான்.

அலறல் கேட்டு ஓடி வந்த வாட்ச்மேன் அப்போதுதான் மூச்சு வாங்க உள்ளே நுழைந்தார்.

"நானா...? நான் கேட்டை விட்டு நகரவே இல்லையேம்மா!"

"போலீசுக்குப் போன் போட்டாச்சு. வந்து விசாரிக்கட்டும்" என்றாள் வீட்டுக்காரம்மா. குரலில் ஈரமில்லை.

வாட்ச்மேன் கைடைப் பார்த்தார். அவர் கண்ணில் தண்ணீர் கட்டியிருந்தது. தினமும் காலையில் 'இன்னைக்கு என்னம்மா புளுகப் போற?' என்று சிரித்துக்கொண்டே கேட்பவர். அவளுடைய பொய்களை முதலில் கேட்டு, எது எடுபடும் எது எடுபடாது என்று சொல்கிறவர். இத்தனை நாளில் ஒருவரிடமும் அவளைக் காட்டிக்கொடுத்ததில்லை.

 போகிற வேலை போகட்டும்!

"அம்மா... அவர் இல்லை. திருடன் யாருன்னு எனக்குத் தெரியும்."

எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

"ஒரு டூருக்கு ஒரு பொய்யா?" வீட்டுக்காரம்மா விரல் விட்டு எண்ணிப் பார்த்துக் கைவிட்டாள். "ஆறு வருஷமாவா? அடேங்கப்பா!"

"மன்னிச்சிடுங்கம்மா..."

"அதை அப்புறம் வச்சுக்கறேன். நாய்க் கதையை யார்கிட்ட சொன்ன?"

"மூணு மாசம் முன்னாடி ஒருத்தர் வந்தார். 'என்னையும் ஒரு விருந்தாளியா நெனச்சு, அரை நாள் சுத்திக் காட்டு பார்ப்போம்'னார். அன்னைக்குத்தான் அவர் இங்க வேலைக்குச் சேர்ந்த முதல் நாள்..."

அவள் விரல் நீண்டது.

மேனேஜர்!

மண்டையில் அடிபட்டுக் கிடந்தவர் துள்ளி எழுந்தார்.

"பச்சைப் பொய்! பொய் சொல்றதே பொழப்புன்னு இப்பத்தானே அவ வாயாலயே சொன்னா? அடிபட்டவன் நான்மா! நான் எதுக்கு நாயைத் திருடப் போறேன்?"

வீட்டுக்காரம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அவர் சொல்றதும் சரிதானே? உன்னை நான் எப்படி நம்பறது?"

கைடு எதிரே நிற்பவர்களின் முகத்தை விட்டுத் தரையைப் பார்த்தாள். வாழ்க்கையிலேயே முதல் தடவையாக!

"மணி பதினொண்ணு அஞ்சு. இன்னும் போலீசைக் காணோம்" என்று கைக்கடிகாரத்தைப் பார்த்து முணுமுணுத்தாள் வீட்டுக்காரம்மா.

கைடு விருட்டென்று நிமிர்ந்தாள்.

"பதினொண்ணா? அடிக்கலையே!"

"என்ன அடிக்கலை?"

"பெரிய கடிகாரம்மா! காலையில எட்டரைக்கு நான்தான் சாவி கொடுத்தேன். அது அடிக்கிறதை வச்சுத்தான் என் டூரே ஓடும். ஆறு வருஷத்துல ஒரு நாள்கூட நின்னதில்லை!"

எல்லோரும் திரும்பினார்கள். கடிகாரத்தின் முள் பத்து நாற்பதில் நின்றிருந்தது.

"அதைத் தொடாதே! அது விலை உயர்ந்த பொருள்!" என்று பதறினார் மேனேஜர்.

கைடு அதற்குள் அடிப்பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டாள். பெண்டுலத்தை அசையவிடாமல் உள்ளே ஒரு துணி மூட்டை! நாற்காலிக்குப் போட்டிருந்த வெள்ளை உறை. அவிழ்த்தாள். பிளாஸ்டர் துண்டுகள், ஒற்றைக் காது, இரண்டு கை மணல்.

ஒரு தெருவையே வாங்கக்கூடிய கடிகாரத்தைக் குப்பைத்தொட்டி ஆக்கியிருந்தான் திருடன்!

"பாத்தீங்களாம்மா? அந்த வாட்ச்மேன்தான் உடைச்சு ஒளிச்சு..."

"ஒரு நிமிஷம்." பல் டாக்டர் தொண்டையைக் கனைத்தார். "மேனேஜர் சார், கையைக் கொஞ்சம் நீட்டுங்க."

"எதுக்கு?"

"வலிக்காது. நீட்டுங்க."

நீட்டினார். பத்து நகங்களின் ஓரத்திலும் வெள்ளை வெளேரென்று தூள்.

"பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்! பல் அச்சு ஊத்துறதே நாங்க இதுலதான். நகத்துல புகுந்தா லேசுல போகாது. தினம் சாப்பாட்டு மேசையில நான் வாங்கற திட்டு எனக்குத்தானே தெரியும்?"

"சனியன் பிடிச்ச தூள்!" என்று மனைவி வழிமொழிந்தாள்.

"அதோட, பேப்பர் வெயிட்டால அடிச்சா பின்மண்டை வீங்கணும். இவருக்கு ஒரு கொசுக்கடிகூட இல்லை. அப்பவே இடிச்சுது. பல் டாக்டர் எதுக்கு மண்டையைப் பத்திப் பேசணும்னு சும்மா இருந்தேன்."

வாட்ச்மேன் கேட்காமலே தன் இரண்டு கைகளையும் நீட்டினார். கேட்டுக்குப் போட்ட கிரீஸ் மட்டும் கறுப்பாக இருந்தது.

மேனேஜர் பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தார்.

"மூணு மாசமா எனக்குத் தூக்கமே இல்லைங்க! கேட்டுல இந்த ஆள் எல்லார் பையையும் சோதிக்கிறான். முழுசா வெளியே கொண்டு போக முடியாது. நீங்க தோட்டத்துக்குப் போன நேரமா பார்த்து, துணியில சுத்தி உடைச்சேன். மணல்தான் கொட்டிச்சு. கல்லைத் தேடறதுக்குள்ள திடுதிப்புனு வந்து நிக்கறீங்க! எங்க ஓடறது? அப்படியே படுத்துட்டேன்..." கைடைப் பார்த்து ஏங்கினார். "கதைன்னு நீ சொன்னதை நான் நம்பலை. நிஜத்தைச் சொல்லும்மா. மரகதத்தை வேற எங்கயாவது வச்சிருக்காங்களா?"

"சார்... அது நிஜமாவே நான் கட்டின கதை சார்."

"கதையா!"

"'இந்த நாய் சமாச்சாரத்தை வேற யார்கிட்டயும் மூச்சு விடாதே'ன்னு நீங்க சொன்னப்போ, ரொம்பக் கண்டிப்பான மனுஷர்னு நெனச்சுட்டேனே!"

போலீஸ் ஜீப் வந்தது. மேனேஜரை ஏற்றிக்கொண்டு கிளம்பியது. கேட்டில் வாட்ச்மேன் ஜீப்பையே நிறுத்தி, அவர் பையை வாங்கி நிதானமாகச் சோதித்துவிட்டுத்தான் அனுப்பினார்.

லைப்ரரியில் கைடு கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றினாள். வீட்டுக்காரம்மாவிடம் நீட்டினாள். கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

"நான் கிளம்பறேம்மா. உங்க குடும்பத்தோட உண்மையான சரித்திரத்துல என் பொய்யைக் கலந்துட்டேன்."

"உண்மையான சரித்திரமா? அது எது?"

"நீங்க எழுதிக் கொடுத்தீங்களே அந்த நோட்டு... பெரியவர் வெறுங்கையால புலியை..."

வீட்டுக்காரம்மா சோபாவில் சாய்ந்துகொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"அடிப் பைத்தியமே! அதை நான் காய்ச்சல்ல படுத்திருந்தப்போ பொழுது போகாம எழுதினேன். எங்க கொள்ளுத் தாத்தா புலியை அடிச்சாரா? பூனை வந்தாலே கட்டில் மேல ஏறி நின்னு கத்துவாராம்!"

கைடு வாய் பிளந்தாள்.

"அப்ப... ஹால்ல இருக்கற புலித் தலை?"

"ஏலத்துல எடுத்தது." அட்டையைத் திரும்ப அவள் கழுத்திலேயே மாட்டினாள் வீட்டுக்காரம்மா. "என் பொய்யெல்லாம் பழசாயிடுச்சு. உன்னுது டூருக்கு டூர் புதுசா இருக்கு. நாளையிலேர்ந்து மேனேஜர் சீட்ல நீ உக்காரு. டூரையும் நீயே பாரு. ஒண்ணே ஒண்ணு... கதையில மரகதம், வைரம் எல்லாம் வேண்டாம். வீட்ல நாய் மிஞ்சாது!"

"அம்மா...!" கைடு அழுதுகொண்டே சிரித்தாள். வாசலில் நின்ற வாட்ச்மேன் கை தட்டினார்.

பல் டாக்டருக்கு மட்டும் முகம் சிவந்துவிட்டது.

"இருங்க, இருங்க! புலி பொய், மரகதம் பொய்... அப்ப அந்தப் பெஞ்சு? பதினாலு தடவை கேட்டது? அதுவும் பொய்யா? அநியாயமா இருக்கே! நம்பி வர்றவங்க முகத்தைப் பார்த்து, கொஞ்சங்கூடக் கூசாம எப்படிங்க பொய் சொல்றீங்க?"

டாக்டரின் மனைவி அறுந்த செருப்பால் அவர் தோளில் லேசாகத் தட்டினாள்.

"நீங்க சும்மா இருங்க! இருபத்தஞ்சு வருஷமா நம்பி வர்றவங்க வாயைத் திறக்கச் சொல்லிட்டு, 'வலிக்கவே வலிக்காது'ங்கறீங்களே... அது மட்டும் என்னவாம்?"