பட்டை உரிக்கும் கிளிகள்

கிளிகள் கத்தவில்லை. ஆராய்ச்சிக்காரியை முதலில் உறுத்தியது அதுதான். வாய் ஓயாத ஜென்மங்கள். பத்து சேர்ந்தாலே தெரு காதைப் பொத்திக்கொள்ளும். இன்றைக்கு இருபத்தாறு. அத்தனையும் சத்தமே போடாமல், மதிய வெயிலில், கரக் கரக்கென்று மரப்பட்டையை உரித்துக்கொண்டிருந்தன.

அவள் ஆய்வுக்கூடத்து மாடி ஜன்னலில் பைனாகுலரோடு உட்கார்ந்திருந்தாள். மரத்தின் அந்தப் பக்கம் இங்கிருந்து தெரியாது. அதை எண்ணுவதற்காக, லீவில் வந்திருந்த தம்பியை அடிமரத்தருகே மடக்கு நாற்காலியில் உட்கார வைத்திருந்தாள். எப்போதும் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவன் மாதிரி பறப்பவன் அவன். அதனால் கண்டிப்பாகவே சொல்லியிருந்தாள்.

“உசுரே போனாலும் அசையாதே. ஒரு மாச வேலைடா.”

“ஒரு ஞாயித்துக்கிழமை தூங்க விடறியா நீ” என்று முனகிக்கொண்டேதான் போனான்.

போனில் கேட்டாள். “உன் பக்கம் எத்தனை?”

“பன்னெண்டு, அக்கா.”

கால் மணி கழித்து, பத்தொன்பது என்றான். பரவாயில்லையே, பயல் இப்படிக் கல்லாட்டம் உட்காருவான் என்று யார் கண்டது? அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. ஈரப்பட்டையின் துவர்ப்பு வாசனையோடு வேறொரு வாடையும் ஜன்னலில் ஏறி வந்தது, அடிபட்ட உதட்டை நக்கினால் நாக்கில் படுமே, அந்த இரும்பு வாடை. ஒரு கிளியின் அலகில் நீளமான கீற்று. உட்பக்கம் சிவப்பு. வழக்கப்படி நேரம் போட்டுக் குறித்துக்கொண்டாள்.

பிறகு இந்தப் பக்கம் ஒன்றுகூட இல்லை.

ஒரு கிளி ஜன்னல் விளிம்பில் வந்து உட்கார்ந்தது. அலகிலிருந்ததைப் போட்டுவிட்டுப் போனது. மெல்லியது. வெதுவெதுப்பானது. நடுவில் வட்டமாக ஒரு தடுப்பூசித் தழும்பு. ஊசி போட்ட அன்றைக்கு தம்பி திமிறாமல் மடியில் இறுக்கிப் பிடித்திருந்தவள் இவள்தான்.

போனில் கத்தினாள். “டேய், எழுந்திரு. எழுந்து ஓடி வா.”

“நான் அசையவே இல்லையே, அக்கா.” குரலில் ஒரு குறையும் இல்லை. “வலிக்கவும் இல்ல. இருபத்தஞ்சு.”

படியில் விழுந்து எழுந்து ஓடினாள். ஐயோ, நான்தானே உட்கார வைத்தேன். மரத்தைச் சுற்றினாள்.

நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். கைகள் முழங்காலில். கழுத்து வரை பச்சைச் சிறகுகள். சிறகுகளுக்கு நடுவே சிவப்பு. முகம் மட்டும் மிச்சம்.

அவளைப் பார்த்துக் கண்ணால் கெஞ்சினான்.

“மெதுவா வா, அக்கா. பயந்துடப் போகுதுங்க.”

தோளிலிருந்த கிளி தலையைச் சாய்த்தது. அவன் காதோரம் ஒரு நுனியைக் கவ்வி, பொறுமையாக இழுத்தது.